காணொளித் தொகுப்புக்கு எந்த இயங்குதளம் ஏற்றது?

கேள்வி இதுதான். கைப்பேசியிலேயே சிறு காணொளிகளைத் தொகுத்துப் பழகிய ஒருவர், இனிக் கணினியில் முறையாகப் படத்தொகுப்பு கற்க விரும்புகிறார். 2019இல் வாங்கிய மேசைக்கணினி ஒன்று அவரிடம் இருக்கிறது: ஒன்பதாம் தலைமுறை இன்டெல் புரோசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10. கைப்பேசியிலும் ஒரு மிரர்லெஸ் கேமராவிலும் 4கே அளவில் படம்பிடிக்கிறார். லினக்ஸுக்கு மாறினால் இதே கணினி வேகமெடுக்கும் என்கிறார் ஒரு நண்பர். மேக் வாங்காமல் எடிட்டிங்கில் இறங்கவே வேண்டாம் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதும் பொய்யல்ல. ஆனால் இருவருமே இயங்குதளத்திலிருந்து தொடங்குகிறார்கள். தேர்வு அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பதே என் கருத்து. எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறோம், எந்த வகைக் கோப்புகள் நம் கைக்கு வரும், வேலையை யாரோடு பகிர்ந்துகொள்வோம் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், இயங்குதளம் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். இந்த மூன்றில் இரண்டாவதைப் புதிதாக வருபவர்கள் அநேகமாகக் கேட்பதே இல்லை. பின்னால் அதிகம் துன்பம் தருவதும் அதுதான் என்பதால், இந்தப் பதிலில் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபைனல் கட் புரோ ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும். அடோபி பிரீமியர் புரோ, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், அவிட் மீடியா கம்போசர் ஆகியவை விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும்; லினக்ஸில் இல்லை. டாவின்சி ரிசால்வ், லைட்வொர்க்ஸ், கேடென்லைவ், ஷாட்கட், பிளெண்டர் ஆகியவை மூன்றிலும் கிடைக்கின்றன. லினக்ஸில் வைன் (விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் கருவி) வழியாகவோ மெய்நிகர் கணினி ஒன்றை நிறுவியோ பிரீமியரை ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த முயற்சியில் இறங்க வேண்டாம். மென்பொருள் திறந்தாலும் கிராஃபிக்ஸ் கார்டின் முழு வலிமையும் அதற்குக் கிடைக்காது; எடிட்டிங்கில் செலவிட வேண்டிய மாலை நேரங்கள் எல்லாம் நிறுவல் பிழைகளைத் தேடுவதிலேயே கரைந்துவிடும்.

இனி கோடெக், அதாவது படத்தையும் ஒலியையும் சுருக்கிப் பதியும் முறை. கைப்பேசியும் பெரும்பாலான கேமராக்களும் எச்.264 அல்லது எச்.265 முறையில்தான் படத்தைச் சுருக்கிப் பதிவு செய்கின்றன. இவை பார்ப்பதற்காக வகுக்கப்பட்ட முறைகள்; தொகுப்பதற்காக வகுக்கப்பட்டவை அல்ல. சில ஃபிரேம்களை மட்டும் முழுப்படமாக வைத்துக்கொண்டு, இடையில் உள்ளவற்றை அவற்றின் மாற்றங்களாக மட்டுமே இவை பதிந்துவைக்கின்றன. டைம்லைனில் நீங்கள் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்டுவதற்காகக் கணினி அதற்கு முந்தைய முழு ஃபிரேம் வரை பின்னால் சென்று, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக்கொண்டு வர வேண்டும். முன்னோக்கி ஓடும்போது இது தெரியாது. பின்னோக்கி ஓட்டினாலோ, நான்கு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ தெரிந்துவிடும். திரைப்படம் பார்க்கும்போது சிறிதும் திணறாத கணினி, அதே கோப்பை டைம்லைனில் வைத்ததும் திக்குவதன் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கை மென்பொருள் மட்டுமே செய்தால் புரோசஸர் களைத்துப்போகும். அதற்காகவே சில்லுகளுக்குள் தனிச் சுற்றமைப்புகள் இருக்கின்றன: இன்டெல்லின் குவிக் சிங்க், என்விடியாவின் என்விடெக், ஆப்பிளின் மீடியா என்ஜின். இவற்றில் எது எந்த வகைக் கோப்பைப் படிக்கும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பல, 10 பிட் 4:2:2 என்ற, நிறத்தகவலைக் கூடுதலாக வைத்திருக்கும் வகையில் எச்.265 கோப்புகளைத் தருகின்றன. நிறத்திருத்தத்துக்கு மிக நல்ல வகை அது. ஆனால் மேசைக்கணினிகளைப் பொறுத்தவரை இன்டெல் புரோசஸர்கள் 11ஆம் தலைமுறையிலிருந்துதான் அதை வன்பொருளில் படிக்கின்றன. என்விடியா கார்டுகளில் 2025இல் வெளியான 50 வரிசையிலிருந்துதான் அந்த வசதி வந்தது. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள் அதை எளிதாகக் கையாளுகின்றன. ஆகவே, விலையுயர்ந்த பழைய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி திணறும் இடத்தில் மெல்லிய மடிக்கணினி ஒன்று வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, ‘மேக் என்றாலே வேகம்’ என்ற முடிவுக்குப் பலர் வருகிறார்கள். அங்கே வென்றது அந்தக் குறிப்பிட்ட கோப்பைப் படிக்கத் தெரிந்த சுற்றமைப்பு. அதே கேமராவில் நிறத்தகவல் குறைவான 4:2:0 வகையைத் தேர்ந்தெடுத்தால் வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். விண்டோஸ் கணினி புதிதாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் புரோசஸர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருக்காது, எனவே குவிக் சிங்க்கும் இருக்காது.

லினக்ஸ் இலேசானது என்ற வாதத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் எடைபோட வேண்டும். சும்மா இருக்கும்போது அது ரேமைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் தொகுப்பில் நினைவகத்தை விழுங்குவது இயங்குதளம் அல்ல, படம். ஒரு 4கே ஃபிரேமில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. நிறத்திருத்தம் செய்யும் மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு அலகுகளை 32 பிட் துல்லியத்தில் வைத்துக்கொண்டால், ஒரே ஃபிரேமுக்கு 133 எம்பி ஆகிறது. இருபத்தைந்து ஃபிரேம்களைக் கையில் வைத்திருக்க 3.3 ஜிபி வேண்டும். 4 ஜிபி கார்டு அத்தோடு ஏறக்குறைய நிரம்பிவிடும். அதே வேலையை 1920 × 1080 டைம்லைனில் செய்தால் ஒரு ஃபிரேமுக்கு 33 எம்பிதான். இயங்குதளத்தை மாற்றிச் சேமிக்கும் ஒரு ஜிபியைவிட, டைம்லைனின் அளவைக் குறைத்துச் சேமிப்பது பன்மடங்கு பெரிது.

லினக்ஸில் வேறொரு தடை உண்டு. அதைக் கேள்விப்படாமலேயே பலர் மாறிவிடுகிறார்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறப்பதில்லை. கட்டணப் பதிப்பில் அவை திறக்கும். ஆனால் கைப்பேசிக் கோப்புகளில் ஒலி இருக்கும் ஏஏசி வடிவம் பல ஆண்டுகளாகவே லினக்ஸில் ஆதரிக்கப்படாமல் இருந்துவருகிறது. விண்டோஸிலும் மேக்கிலும் இந்தச் சிக்கல் எழுவதில்லை, ஏனெனில் அங்கே அந்தக் கோடெக்குகளில் பெரும்பாலானவை இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகின்றன. காப்புரிமை சார்ந்த கோடெக்குகளை லினக்ஸ் வெளியீடுகள் பல அப்படி இணைத்துத் தருவதில்லை. முதன்முறை லினக்ஸில் ரிசால்வை நிறுவியபோது, கைப்பேசியில் எடுத்த துண்டுகள் எவையும் திறக்காமல் நானும் அரை நாள் தேடியிருக்கிறேன். பின்னர் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியைக் கொண்டு எல்லாவற்றையும் தொகுப்பதற்கென வகுக்கப்பட்ட இடைநிலைக் கோடெக்கான டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகவும் ஒலியைச் சுருக்காத வடிவமான பிசிஎம் ஆகவும் மாற்றிக்கொண்டு வேலை செய்தேன். மாற்றிய பின் டைம்லைன் மிக மென்மையாக ஓடியது. ஆனால் வட்டில் இடம் வேண்டும். இடைநிலைக் கோடெக்குகளின் அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1080 அளவில், நொடிக்கு 30 ஃபிரேம் வீதத்தில், ஆப்பிளின் இடைநிலைக் கோடெக்கான புரோரெஸ் 422 நொடிக்கு 147 மெகாபிட் எடுத்துக்கொள்ளும், ஒரு மணி நேரப் படத்துக்கு 66 ஜிபி ஆகிறது. 4கே என்றால் ஏறத்தாழ நான்கு மடங்கு.

ஆகவே லினக்ஸ் யாருக்குப் பொருந்தும்? கேடென்லைவ், ஷாட்கட் போன்ற கட்டற்ற மென்பொருள்களே தம் வேலைக்குப் போதும் என்று அறிந்தவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். அவை எஃப்எஃப்எம்பெக் நூலகங்களைக் கொண்டு கோப்புகளைப் படிப்பதால் மேலே சொன்ன தடை அவற்றுக்கு இல்லை. ரிசால்வின் கட்டணப் பதிப்பு, என்விடியா கார்டு, என்விடியாவே வெளியிடும் டிரைவர், தயாரிப்பாளர் ஆதரிக்கும் ராக்கி லினக்ஸ் போன்ற நிலையான வெளியீடு ஆகியவற்றை ஒன்றாக அமைத்துக்கொள்ளக்கூடியவர்களுக்கும் பொருந்தும். பெரிய காட்சிவிளைவுக் கூடங்கள் லினக்ஸில் இயங்குகின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், காட்சிவிளைவு மென்பொருளான ஆட்டோடெஸ்க் ஃபிளேம் லினக்ஸிலும் மேக்கிலும் மட்டுமே இயங்குகிறது. நியூக் என்ற மற்றொரு காட்சிவிளைவு மென்பொருளுக்கும் லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கூடங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே அமைப்பில் வைத்துப் பராமரிக்கத் தனிக்குழு இருக்கிறது. கேமராக் கோப்புகள் தொகுப்பவரின் மேசைக்கு வருவதற்கு முன்பே தகுந்த வடிவத்துக்கு மாற்றப்பட்டுவிடுகின்றன. தனியாக வேலை செய்பவருக்கு அந்த உதவி கிடையாது. பெரிய கூடங்களின் தேர்வைப் பார்த்துத் தனியொருவர் முடிவெடுப்பது சரியான ஒப்பீடு ஆகாது.

மேக்கின் உண்மையான பலம், வன்பொருளையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் செய்வதால் டிரைவர் சிக்கல்கள் அரிதாக இருப்பது. 2020இல் எம்1 வந்ததிலிருந்து புரோசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 2021இல் வந்த எம்1 புரோ, எம்1 மேக்ஸ் சில்லுகளிலிருந்து புரோரெஸ் கோப்புகளுக்கான தனிச் சுற்றமைப்பும் சேர்ந்தது. மின்கலத்தில் ஓடும்போதும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. வெளியிடங்களில் அமர்ந்து தொகுப்பவர்களுக்கு இது பெரிய வரம். இதன் மறுபக்கத்தையும் அறிந்தே வாங்க வேண்டும். ஆப்பிள் சில்லுள்ள மேக்கில் பின்னால் ரேமை ஏற்ற முடியாது, எனவே வாங்கும் நாளிலேயே போதிய அளவு எடுத்துவிட வேண்டும். பூட் கேம்ப் வழியாக விண்டோஸை நிறுவும் வசதி அதில் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய இன்டெல் மேக்கை இப்போது வாங்குவது வீண். 2025இன் மேக் ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான இறுதிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது.

மேக்கில் நிறம் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மென்பொருளுக்குள் ஆழமாகத் தெரிந்த நிழல்கள், ஏற்றுமதி செய்த கோப்பை மேக்கின் குவிக்டைம் பிளேயரில் திறந்ததும் வெளிறித் தெரிவதாகப் பலர் கலங்குகிறார்கள். ரெக்.709 (எச்டி காணொளிக்கான நிறத்தரம்) என்ற குறிப்புடன் வரும் கோப்புகளின் காமாவை, அதாவது இருளிலிருந்து வெளிச்சம் வரை ஒளிர்வு ஏறும் வளைவை, மேக்கின் நிறத்தைக் கையாளும் கலர்சிங்க் அமைப்பு ஏறத்தாழ 1.96 ஆகக் கொள்கிறது. தொகுப்பவரோ 2.4 அல்லது 2.2 காமா திரையில் பார்த்து நிறத்தைத் திருத்தியிருப்பார். கோப்பு கெட்டுவிடவில்லை, அதைக் காட்டும் முறைதான் வேறு. ரிசால்வில் இதற்காகவே ரெக்.709-ஏ என்ற தேர்வு இருக்கிறது. விண்டோஸில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வரும்: அங்கே ஒவ்வொரு பிளேயரும் திரையின் நிறத்தகவலைத் தன் விருப்பப்படி மதிக்கிறது அல்லது மதிக்காமல் விடுகிறது. துல்லியமான நிறத்திருத்தமே தொழிலாக இருப்பவர்கள், எந்த இயங்குதளமானாலும் அதைச் சுற்றிக்கொண்டு, தனி வெளியீட்டு அட்டை வழியாக அளவிட்டுச் சரிசெய்த திரைக்கு நேரடியாகப் படத்தை அனுப்புகிறார்கள்.

விண்டோஸின் பலம் அதன் பரப்பு. எந்த விலையிலும் எந்தப் பாகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு பாகமாக மாற்றிக்கொண்டே போகலாம். என்விடியாவின் ‘கூடா’ (CUDA) என்ற கணக்கீட்டுத் தொழில்நுட்பத்தை நம்பியிருக்கும் செருகுநிரல்கள் (பிளகின்கள்) என்விடியா கார்டுடன்தான் இயங்கும். 2018இன் மேக் ஓஎஸ் மொஹாவே பதிப்பிலிருந்து புதிய என்விடியா கார்டுகளுக்கு மேக்கில் இடமில்லை. விண்டோஸின் பலவீனமும் அந்தப் பரப்பிலிருந்தே பிறக்கிறது. யார் செய்த பாகம், எந்த டிரைவர் என்பதை நீங்களேதான் கவனித்துக்கொள்ள வேண்டும். என்விடியா கார்டு இருந்தால் விளையாட்டுகளுக்கான டிரைவரை விட்டுவிட்டு ஸ்டுடியோ டிரைவரை நிறுவுங்கள். படைப்பு மென்பொருள்களோடு சோதித்து வெளியிடப்படுவது அது. விண்டோஸின் ‘என்’ (N) என்ற பதிப்பில் மீடியா கூறுகள் நீக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தனியே நிறுவாவிட்டால் எடிட்டிங் மென்பொருள்கள் தடுமாறும். ஆர்ம் (இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலிருந்து வேறுபட்ட வகை) சில்லுள்ள விண்டோஸ் மடிக்கணினிகளைப் பொறுத்தவரை, நீங்கள் பயன்படுத்தும் செருகுநிரல்களும் ஒலிக்கருவிகளின் டிரைவர்களும் அதற்கென்றே வெளியிடப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

பகிர்ந்துகொள்வது என்றதும் பலர் மென்பொருளை மட்டும் நினைக்கிறார்கள், வட்டை நினைப்பதில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டை மேக் படிக்கும், ஆனால் கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் வட்டை விண்டோஸ் திறக்கவே திறக்காது. பழைய ஃபேட் 32 வட்டில் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை வைக்க முடியாது. மூன்று இயங்குதளங்களுக்கும் பொதுவானது எக்ஸ்ஃபேட். லினக்ஸ் கெர்னலிலும் 2019இன் 5.4 பதிப்பிலிருந்து அதற்கு ஆதரவு இருக்கிறது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது வட்டைச் சடாரென்று பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் எளிதில் பழுதடையும். எனவே அதைக் கோப்புகளைக் கொண்டுசெல்ல மட்டும் வைத்துக்கொண்டு, தொகுப்பு வேலையை இயங்குதளத்துக்கு உரிய வடிவிலான வட்டில் செய்வது நல்லது. கோப்புப் பெயர்களிலும் தொல்லை ஒளிந்திருக்கும். கேள்விக்குறியும் நட்சத்திரக்குறியும் உள்ள பெயர்களை மேக் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வெவ்வேறாகக் கருதும். முதல் நாளிலேயே எளிய ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றைக் கொண்டு மட்டும் பெயரிடப் பழகினால், பின்னாளில் ‘மீடியா இல்லை’ என்ற சிவப்புத் திரையைப் பார்த்துத் திகைக்க வேண்டியிருக்காது.

தமிழில் தலைப்பு இடுபவர்களுக்காக ஒரு சொல். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் இரு பக்கமும் சரியாக அமர்வதும் ‘ஸ்ரீ’ உடையாமல் வருவதும் இயங்குதளத்தைவிட, மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்துக்கோப்பு இயந்திரத்தையே அதிகம் சார்ந்தவை. ஒரே கணினியில் ஒரு மென்பொருள் சரியாகவும் மற்றொன்று பிழையாகவும் காட்டுவதுண்டு. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் இவ்விரண்டையும் யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து பார்த்துவிடுங்கள்.

எந்த இயங்குதளத்தை எடுத்தாலும், ஒரு வேலையின் நடுவே அதைப் புதுப்பிக்காதீர்கள். 2019இல் மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை முற்றிலும் கைவிட்டபோது, பழைய செருகுநிரல்களும் பழைய கோடெக்குகளில் இருந்த கோப்புகளும் ஒரே இரவில் திறக்காமல் போயின. எனக்கும் ஒருமுறை, ஒப்படைக்க மூன்று நாள் இருந்த நிலையில் புதுப்பித்துவிட்டு, ஒலிக்கருவி இயங்காமல் வேறொருவரின் கணினியைக் கடன் வாங்க நேர்ந்தது. மென்பொருளுக்கும் இது பொருந்தும். புதிய பதிப்பில் திறந்து சேமித்த ரிசால்வ் திட்டத்தைப் பழைய பதிப்பு திறக்காது. எனவே வேலை முடிந்து, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்த பிறகு புதுப்பியுங்கள்.

இனி கேட்டவருக்கு நேரடியாக. உங்கள் கணினியில் லினக்ஸுக்கு மாற வேண்டாம். புதிய மேக்கும் இப்போது வேண்டாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல் ஏற்பதால் உங்கள் புரோசஸர் தகுதி பெறுகிறது. பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு மாறிவிடுங்கள். ஸ்டுடியோ டிரைவரையும் ரிசால்வின் இலவசப் பதிப்பையும் நிறுவுங்கள். எந்தக் கோப்பு எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில் திறக்கும் என்ற பட்டியலை அதன் தயாரிப்பாளர் வெளியிடுகிறார். உங்கள் கேமரா தரும் கோப்பு வகையை அதில் தேடிப் பாருங்கள். கேமராவை 4:2:0 வகையில் வையுங்கள். டைம்லைனை 1080 அளவில் வைத்து, ப்ராக்சி கோப்புகளை (தொகுக்கும்போது மட்டும் பயன்படும் இலேசான நகல்களை) உருவாக்கிக்கொண்டு தொகுங்கள். ரிசால்வ் உங்கள் கார்டுக்குப் பாரமாக இருந்தால் ஷாட்கட்டிலோ கேடென்லைவிலோ தொடங்கலாம். வெட்டும் கலையின் அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றே.

ஓராண்டு கழித்துப் புதிய கணினி வாங்கும் நிலை வந்தால், விளம்பர எண்களை நம்பாமல், நீங்களே எடுத்த பத்து நிமிடப் படத்தை ஒரு வட்டில் கொண்டுபோய், வாங்க நினைக்கும் மேக்கிலும் விண்டோஸ் கணினியிலும் நீங்கள் பழகிய மென்பொருளிலேயே திறந்து பாருங்கள். மூன்று அடுக்குகளாக வைத்து, ஒன்றில் நிறத்திருத்தம் சேர்த்து, ப்ராக்சி இல்லாமல் ஜே விசையை அழுத்திப் பின்னோக்கி ஓட்டுங்கள். திக்காமல் ஓடுவது எதுவோ அதை வாங்குங்கள். இரண்டுமே ஓடினால், உங்களோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே நீங்களும் எடுங்கள்.